வெடிக்கிற மணி

மே 4, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. விடிந்ததும் விடியாததுமாக வாயெல்லாம் மணல். ஜன்னலைத் திறந்தால் கேஸ் சுவாலை ஒரு பக்கம் படுத்துவிடுகிறது. மூடினால் பட்டறையே அடுப்பு. மூடிக்கொண்டுதான் இருந்தேன். வியர்வை கண்ணில் விழாமல் நெற்றியில் துண்டு. யாராவது பார்த்தால் மீன் வெட்டுகிறவள் என்பார்கள். பார்க்கட்டும்.

மின்சூளையின் சூட்டுச் சுருள் ஒருவழியாகக் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது. பூட்ட வந்தவன் இரண்டு திருகாணியை மிச்சம் வைத்துவிட்டு, "இது தேவயில்ல உம்மா" என்றான். தேவையில்லாத ஆணியை எந்த முட்டாள் செய்து போடுவான்? எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்ட வைத்தேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

இன்று:
நீலக் கண்ணாடி மணி, உருண்டை, சிறியது. தேறியவை ஏழு.
பால் வெள்ளை. எல்லாம் கழிவு. கம்பிக்குப் பூசிய களி சரியில்லை, மணி கழன்று வரவில்லை.
தேங்காய்ச் சிரட்டை வில்லை மெருகு. பாதி.
வெள்ளிக் கம்பி முடியப்போகிறது. மகனுக்குச் சொல்ல வேண்டும். அவன் மறப்பான்.

ளுஹர் தொழுகைக்கு முன்னால் வாசலில் ஒரு பெண். முன்பின் பார்த்ததில்லை. "மணி உம்மா இரிக்காகளா?" மணி உம்மா! மகள் ஜெஸ்மின் குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷத்துப் படிப்பு, வேலை, எல்லாவற்றுக்கும் இந்த ஊர் தந்த பட்டம்.

"வெடிக்கிற மணி ஒண்டு தாங்க உம்மா. புள்ளக்கிக் கட்ட."

"என்ட மணி வெடிக்காது."

"அப்ப வாணாம்." போய்விட்டாள்.

எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் பிறகு நானே நம்பமாட்டேன். நோன்பு மாதத்தில் சூளை செத்துப்போனது. மணியைச் சுவாலையிலிருந்து எடுத்தால் சூளையில் வைத்து அவசரப்படாமல் ஆறவிட வேண்டும். சட்டென்று ஆறினால் கண்ணாடி தன்னைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும், என்றாவது ஒரு நாள் பிளந்துவிடும். சூளை இல்லாததால் பானையில் சூடான உமிச்சாம்பல் போட்டு அதற்குள் புதைத்தேன். சாம்பலுக்குச் சூடு போதவில்லை. நீலத்தில் வெள்ளையும் கறுப்பும் வைத்த கண் மணிகள். அறுகம்பேக் கடற்கரைக் கடையில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கச் செய்தவை. பெருநாளுக்கென்று ஊர்ப் பெண்கள் சிலரும் வாங்கிப் போனார்கள். பெருநாள் முடிய ஒவ்வொன்றாக வெடித்தன.

அதில் ஒன்று மீன்வாடி முதலாளியின் பேரப்பிள்ளையின் கையில். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். மணி வெடித்த பின்னேரம் காய்ச்சல் விட்டது. அவ்வளவுதான். யாரோ பார்த்த பார்வையின் கண்ணூறு வந்து மணியில் பட்டு, மணி அதை வாங்கிக்கொண்டு வெடித்ததாம்.

நான் செய்ததில் ஆகக் கேவலமான தொகுதி. அதற்குத்தான் பேர்.

மே 5, செவ்வாய்

அந்தத் தொகுதியில் மிச்சமிருப்பதைத் திரும்ப வாங்கிவிடுவதென்று புறப்பட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதிலாகப் புதிய மணி, சூளையில் முறையாக ஆறியது. இது தொழில் நாணயம். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் யாருக்கும் தெரியாது.

முதலில் மீன்வாடி வீடு. முதலாளியின் மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"அல்லாவே, அத எப்பிடித் தாற? எங்கட புள்ளயக் காப்பாத்தின மணியெலுவா?"

"புள்ளயக் காப்பாத்தினது காய்ச்சலுக்குக் குடுத்த பாணி மருந்து."

"பாணி மருந்து எல்லார்ட வீட்டயும்தான் இரிக்கி மாமி. மணி எங்கட வீட்ட மட்டுந்தானே வெடிச்ச?"

கொன்வென்டில் எங்களுக்குத் தர்க்கம் படிப்பித்த சிஸ்டர் இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே கப்பலேறி ஊர் போயிருப்பார்.

உள்ளே கூட்டிப் போய்க் காட்டினாள். நகைப் பெட்டி. பஞ்சு. பஞ்சின் மேல் என் மணி, இரண்டு துண்டாக. என் நல்ல மாலைகள் அறுகம்பேயில், தேங்காயில் செய்த குரங்கு மூஞ்சிக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்குகின்றன. பழுதானது பஞ்சு மெத்தையில்.

மற்ற வீடுகளிலும் அதே கதைதான். "வெடிக்காதத வெச்சி என்ன செய்யிற?" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே கேட்டாள். ஒன்றும் திரும்பி வரவில்லை. வரும் வழியில் காற்றுக்குக் குடை மடங்கிக் கம்பி உடைந்தது.

மே 7, வியாழன்

காலை, அறுகம்பேக் கடைக்காரன் வந்தான். ஆண்பிள்ளை, தலையில் கொண்டை. இவனுடைய வாப்பா சந்தையில் வெங்காயம் விற்ற மரியாதையான மனிதர்.

"அன்ட்டி, டுவரிஸ்ட் கத கேக்காங்க. ஒவ்வொரு மாலைக்கும் ஒரு கத வேணும்."

"மாலை வேணுமா, கத வேணுமா?"

"ரெண்டும்தான் அன்ட்டி."

மாலைகளைத் தூக்கிப் பார்த்தான். வெள்ளிக் கம்பி, சிரட்டை, மருதமுனை நெசவு நூல், நடுவில் கடல்நீல மணி ஐந்து, அளவில் மயிரளவு வித்தியாசம் இல்லை. "கொஞ்சம் கூடப் பேர்பெக்டா இரிக்கி. மெஷின்ல செஞ்ச மாதிரி." பிறகு மூலையில் கழிவு வாளியைக் கண்டான். கண் பளபளத்தது. "இதத் தாங்க அன்ட்டி! உடஞ்சதுதான் இப்ப பெஷன்!" வாளியை மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவன் போகும்வரை எழும்பவில்லை. முதுகு நோகிறது.

பின்னேரம் அடுத்த வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரரின் தங்கை சுபைதாவின் வீடு. அவளுடைய மகள் றிஸ்னாவுக்கு எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. கால் இரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி. பேறு பார்க்கிற மிட்வைப் வந்து பிரஷர் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் போய்ப் படு என்று சொல்லியிருக்கிறாள். இவள் மாட்டாளாம்.

இரண்டு தடவையும் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது யாரோ ஒருத்தி வயிற்றைப் பார்த்து வாய் பிளந்தாளாம். அதற்குப் பிறகுதான் பிள்ளை அசையவில்லையாம். ஆகவே இந்த முறை வாசல்படி தாண்டவில்லை. கழுத்தில் என்னுடைய கண் மணி. போன வருஷம் நான் கொடுத்தது, நல்ல மணி.

"இது வெடிக்கட்டும் மாமி. அப்ப கண்ணூறு கழிஞ்சிட்டுத்தானே. அதுக்குப் பொறகு நானே போறன்."

"அது வெடிக்காது. நீ பேரன் பேத்தி கண்டு மூத்தம்மாவாகினாலும் வெடிக்காது. நான் செஞ்ச மணி அது."

பெருமையாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தேன். கண்ணூறு ஒருக்காலும் கழியாது என்று நானே தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது அந்த முகம்.

படுமுட்டாள் பெண். உயர்தரம் வரை படித்தவள்.

மே 8, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து மருமகன் குத்பாப் பிரசங்கத்தைக் கட்டிச் சுமந்துகொண்டு வந்தார். சோற்றில் கை வைக்குமுன் இறக்கினார்.

"மாமி, இண்டைக்கு மணி கட்டுறதப் பத்தித்தான் மவ்லவி பேசின. சிர்க்காம், அல்லாவுக்கு இணை வைக்கிறதாம். ஆக்கள் எல்லாம் என்னத்தான் திரும்பித் திரும்பிப் பாக்காங்க."

"நான் யாருக்கும் கட்டச் சொன்னனா? நான் செய்யிறது நகை. அது இரிக்கட்டும், புள்ளக்கிக் கட்டுற வீட்டுத் தூணில ஒரு பழைய சப்பாத்துத் தொங்குதே, அது என்ன?"

"அது... மேசன்மார் சும்மா கட்டின."

பிள்ளை இன்னும் நாலாம் வகுப்பு. அவளுடைய சீதனத்துக்கு வீடு எழும்புகிறது, வீட்டுக்குக் கண்ணூறு படாமல் காவல் செருப்பு. என்னைத்தான் திருத்த வருகிறார்கள். ஜெஸ்மின் சோறு போடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பு மட்டும் என் பக்கத்துக் குடும்பத்தினுடையது.

மவ்லவி சொன்னது சரி. மணிக்கு ஒரு சக்தியும் கிடையாது. ஆனால் மவ்லவி சொல்லியும் றிஸ்னாவின் கழுத்தில் மணி தொங்குகிறதே.

நாலு மணித் தேத்தண்ணிக்கு மிட்வைப் வந்தாள். தம்பிலுவில்காரி. செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றி வைப்பாள், அதனால் எனக்குப் பிடிக்கும்.

"அம்மா, நீங்க படிச்சனீங்க. நீங்க சொன்னாக் கேப்பா. நேத்து தலையிடிக்குது எண்டவ, இண்டைக்கு வெளிச்சம் கண்ணுக்குள்ள குத்துது எண்டுறா. இது விளையாட்டில்ல. வலிப்பு வந்தா ரெண்டு உசிரும் போயிடும்."

"தூக்கிக்கொண்டு போகேலாதா?"

"தூக்கினா இன்னும் பிரஷர் ஏறும். அவவாத்தான் எழும்பி வரவேணும்."

சீனி போடாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள்.

மே 9, சனி

காலை முழுக்க றிஸ்னாவுக்கு எடுத்துச் சொன்னேன். இரத்தம், நரம்பு, சிறுநீரகம், எல்லாம். படம் கூடக் கீறிக் காட்டினேன். "ஓம் மாமி. ஓம் மாமி." எழும்பவில்லை. ஓதி ஊதின தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கத்தாரிலிருந்து புருஷன் போனில். தன் மாமியார் சுபைதா சொல்கிற மாதிரிச் செய் என்கிறான். மாமியார் அழுகிறாள். நல்ல குடும்பம்.

சுபைதா என்னைப் பின்கதவடியில் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, ஒண்டு செஞ்சி தாங்களன். வெடிக்கிறதா."

"என்ன?"

"உங்களுக்குத் தெரியும்தானே எப்பிடி வெடிக்கும் எண்டு. அவள் போயிடுவாள் மதினி. சத்தியமாப் போறன் எண்டு சொல்லுறாள்."

"தெரிஞ்சுகொண்டு பழுதான சாமான் என்ட கையால செய்யிறதா?"

"உங்கட மணிய விட என்ட புள்ள சின்னதா மதினி?"

செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். என்ன துணிச்சல். கொன்வென்டில் எனக்கு மணித்தையல் பழக்கிய சிஸ்டர், ஒரு மணி வரிசை தப்பினால் முழு ஓரத்தையும் பிரித்து என் மடியில் போடுவார். ஒரு சொல் பேசமாட்டார். அழுதாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். எனக்கு அவரில் கோபமே வந்ததில்லை. அவர் செய்ததுதான் சரி.

பகல் சோற்றுக்குப் பாரை மீன் ஆணம். உப்பு இல்லை. சொன்னேன். ஜெஸ்மின் இருக்கிறது என்றாள். திரும்ப நாக்கில் வைத்துப் பார்த்தேன், இருந்தது.

மே 10, ஞாயிறு

ஒரு பரீட்சைக்காக மட்டும். வேறொன்றுக்கும் இல்லை.

சுவாலையிலிருந்து ஒரு மணியை எடுத்து நேரே ஜன்னல் கட்டில் வைத்தேன், கச்சான் அடிக்க அடிக்க. வெடிக்கவில்லை. இன்னொன்று, கொஞ்சம் பெரிது. ஓரத்தைக் கூராக விட்டேன், ஓரம் கூரானால் பிளக்கும். வேலை மும்முரத்தில் கை தானாகவே அந்தக் கூரான ஓரத்தை உருட்டி மழுக்கிவிட்டிருந்தது. வெடிக்கவில்லை. மானங்கெட்ட ஒரு சந்தோஷம் எனக்கு. உடனே அடக்கிக்கொண்டேன். மதிலுக்கு அப்பால் றிஸ்னா ஓங்காளித்துச் சத்தி எடுக்கிற சத்தம்.

என் வீட்டுக்காரர் ரசாயனம் படிப்பித்த காலத்தில் இந்த மேசையில்தான் எனக்குக் கண்ணாடிக் குழாய் வளைக்கக் காட்டித் தந்தார். அப்போதே சொன்ன பாடம்: இரண்டு சாதிக் கண்ணாடியைச் சேர்த்து உருக்காதே. ஒன்று ஒரு அளவுக்குச் சுருங்கும், மற்றது வேறொரு அளவுக்கு. ஆறிய பிறகும் உள்ளே சண்டை ஓயாது.

ஆகவே சோடாப் போத்தல்.

உடைத்து, கழுவி, துண்டைச் சூடாக்கி இழுத்தேன். அழுக்குப் பச்சை. நுரை. கம்பியில் சுற்றினால் கட்டி கட்டியாக நிற்கிறது, உருளமாட்டேன் என்கிறது. அதன் மேல் என் நீலம், வெனிஸிலிருந்து வருகிற கண்ணாடிக் குச்சி, மகன் அனுப்பியது. அதன் மேல் கண். தவளையின் கண். இப்படி ஐந்து. வாழ்நாளில் இவ்வளவு அசிங்கமான ஐந்து சாமானை வரிசையாகப் பார்த்ததில்லை.

சூளையில் வைத்தேன். சூளை மட்டும் முறையாக. அதிலும் ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. எப்படி ஆறவிட்டாலும் இந்தக் கலவை வெடிக்கத்தான் செய்யும், இன்றோ நாளையோ.

மே 11, திங்கள்

சூளையைத் திறந்தேன். நாலு தூள். ஒன்று முழுசாக. வெளிச்சத்தில் பிடித்தேன், உள்ளே பச்சையும் நீலமும் சேர்கிற இடத்தில் மெல்லிய வெள்ளிக் கோடு ஓடத் தொடங்கியிருக்கிறது. தட்டினால் போதும். தட்டவில்லை.

கண்ணாடிச் சிம்பு தெறித்தால் பெண்ணின் தோலை வெட்டும். வெள்ளிக் கம்பியால் கூடு பின்னினேன், நெருக்கமாக, முடிச்சு உள்பக்கம். கூட்டுக்கு அடியில் மருதமுனைச் சாறத் துணித் துண்டு மடித்துத் தைத்தேன். கொக்கி இரட்டை. கம்பி முழுவதும் முடிந்தது. உள்ளே இருப்பது குப்பை என்பதற்காகக் கூட்டையும் குப்பையாகச் செய்ய முடியாது.

கொண்டுபோனேன். றிஸ்னாவின் முகமும் வீங்கிவிட்டது. இருட்டாக்கி வைத்த அறை. கழுத்திலிருந்த நல்ல மணியைக் கழற்றி என் பையில் போட்டேன். புதியதை இடது மணிக்கட்டில் பூட்டினேன்.

"கையிலயே இரிக்கட்டும். தொழுகைக்கு ஒழு எடுக்கக்குள்ள கழட்டாத."

"ஓதினதா மாமி?"

"இல்ல."

இரட்டைக் கொக்கியை இழுத்துப் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுபைதாவிடம் மட்டும்: "அஸருக்கு ஒழு எடுக்கக் கிணத்துத் தண்ணி அள்ளிக் குடு. டாங்கித் தண்ணி கொதிக்கிது." அதுவும் உண்மை. இந்த வெயிலுக்குக் கூரை டாங்கித் தண்ணீரில் முட்டை அவிக்கலாம். அதில் மணி வெடிக்காது. சூடான கையில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் பட்டால்?

பட்டறையில் வந்து உட்கார்ந்தேன். சிரட்டை மெருகு போட்டேன். ஒரே வில்லையைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டையாக்கிவிட்டேன். எறிந்தேன்.

அஸர் பாங்கு. கப்பி உருளுகிற சத்தம். வாளி. தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பிறகு சுபைதா போட்ட கூச்சல், மருதமுனைக்கே கேட்டிருக்கும்.

நான் போகும்போது றிஸ்னா கிணற்றடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். முழங்கை வரை ஈரம். சிரிக்கிறாள், அழுகிறாள்.

"மாமி, வெடிச்சிட்டு! 'டிக்' எண்டு கேட்டுச்சி மாமி!"

"ஓம். வெடிச்சிட்டு. பேக்க எடு."

தொழுதாள், பேக்கை எடுத்தாள். தன் காலால் நடந்து ஓட்டோவில் ஏறினாள், முந்தானையால் வயிற்றை மூடக்கூட இல்லை. ஒழுங்கை முழுக்கப் பெண்கள் கூடிவிட்டார்கள். மீன்வாடிக்காரி முன்வரிசையில். "நான் அண்டைக்கே சொன்னனெலுவா, இவகட கைராசி!" என்னைப் பார்த்த பார்வை எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நானும் ஓட்டோவில் ஏறி, றிஸ்னாவின் கையிலிருந்த கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு சிம்பும் வெளியே வரவில்லை.

மிட்வைப் வழியில் கண்டு ஓட்டோவை நிறுத்தினாள். "என்ன சொன்னீங்க அம்மா?"

"ஒண்டும் சொல்லல்ல."

மே 12, செவ்வாய்

ஆஸ்பத்திரி. வார்டில் விசிறி மூன்றில் ஒன்றுதான் சுற்றுகிறது. சுவரில் சுகாதார வாசகம், சட்டம் கோணலாகத் தொங்குகிறது. நேராக்கினேன். தாதி முறைத்தாள்.

சேலைன் ஏறுகிறது. பிரஷர் இறங்கவில்லை. டாக்டர் இளம் பெண், ஆனால் வாய் திருத்தமாகப் பேசுகிறது: "இன்னும் ஒரு நாள் வீட்டிலேயே இருந்திருந்தால் நான் இவரைப் பார்த்தே இருக்கமாட்டேன்." நாளைக்கு வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுக்கிறார்கள்.

றிஸ்னா கை ஓயாமல் மணியைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். படுத்தபடியே, பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம். "எங்கட மாமி செஞ்ச. வெளிநாட்டாக்கள் எல்லாம் வாங்குறாங்க." அக்கரைப்பற்றுக்காரி ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பச்சை நுரை, தவளைக் கண், குறுக்கே வெடிப்பு. படிக்கிற கண்ணாடி போட்டிருந்தாள், எல்லாம் தெரிந்திருக்கும்.

"நீங்களா செஞ்ச இத?"

வார்டே என்னைத்தான் பார்த்தது.

"ஓம்."

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். சாப்பிடவில்லை. அறுகம்பேக் கொண்டைக்காரன் போன் எடுத்து என்னைக் கேட்டானாம். ஜெஸ்மின் சொன்னாள். எடுக்கட்டும்.

மே 13, புதன்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

ஒப்பரேஷன் தியேட்டருக்குள் நகை கூடாது என்று மணியைக் கழற்றி என் கையில் தந்தார்கள். வெளியே நடைபாதை வாங்கில் அதை வைத்துக்கொண்டு நானும் சுபைதாவும். சுபைதா ஸலவாத்து ஓதினாள். நானும். கொன்வென்டில் உட்காரப் பழக்கிய மாதிரி, முதுகு சாயாமல்.

பெண் பிள்ளை. ஒரு பப்பாளிப் பழம் அளவு. கத்தியது. சூட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். சூடு ஏறவும் கூடாதாம், சட்டென்று இறங்கவும் கூடாதாம். தாதி இரண்டு தரம் விளக்கினாள். முதல் தரமே எனக்கு விளங்கியது. தாதியிடம் பெட்டியின் வெப்பமானியைக் கேட்டு வாசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

பின்னேரம் றிஸ்னா கண் திறந்தாள். உதடு காய்ந்து கிடக்கிறது. முதல் கேள்வி பிள்ளை. இரண்டாவது மணி. கையில் கொடுத்தேன்.

"புள்ளக்கி ஒண்டு செஞ்சி தாங்க மாமி. இதே மாதிரி."

"இதே மாதிரிச் செய்யமாட்டன்."

"ஏன் மாமி?"

வாயில் வந்தது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டேன். போத்தல், நுரை, மூடத்தனம். அவளுடைய கையில் ஊசி குத்திய இடம் நீலம் பாரித்திருந்தது.

"புள்ளட கைக்கு அளவு பெரிசு" என்றேன்.

அந்த மணியில் சரியாக இருந்தது அளவு ஒன்றுதான்.